எட்டாம் எண்ணில் குடியேறிய மேதை

பிள்ளைகளே, கழுத்தில் வேலை அட்டை தொங்கிவிட்டால் தலைக்குள்ளும் ஏதோ ஏறிவிட்டதாக நினைக்கும் முட்டாள்கள் உலகத்தில் உண்டு. விமான நிலையம் இருக்கும் பாயான் லெப்பாஸில், விமானத்தில் சரக்கு அனுப்பும் ஒரு கம்பெனியில் கணினி பார்க்கச் சேர்ந்தபோது, உங்கள் அப்பா அந்தக் கூட்டத்துக்கே தலைவர். படித்தது ஒரு குட்டி கோர்ஸ். நடை மட்டும் ராக்கெட் விட்டவன் நடை.

சரக்கு விவரமெல்லாம் சர்வர் என்ற ஒரே கணினியில் இருந்தது. மற்றவர்கள் அதிலிருந்துதான் எடுக்க வேண்டும். நான் சேர்ந்த வாரத்திலிருந்து அந்தத் தொடர்பு அறுந்து அறுந்து வந்தது. கொஞ்ச நேரம் ஓடும், பிறகு எல்லாத் திரையும் நின்றுவிடும். (நான் சேர்ந்த வாரத்திலிருந்து. இந்த இடத்தில் மாட்டுக்குக்கூடச் சந்தேகம் வந்திருக்கும்.)

மேதை விசாரணையில் இறங்கினான். கேபிளை மாற்றினேன். ஏர்கோன் மேல் பழி போட்டேன். கணக்குப் பிரிவு அக்காவின் மைலோ பிளாஸ்கிலிருந்து ஆவி வருகிறது என்று அவர் மேசையையே நகர்த்தினேன்.

ஒரு மதியம் முதலாளி கூப்பிட்டார். சீனர். மாலை விமானத்துக்குச் சரக்குப் பேப்பர் போகாவிட்டால் நாளை வர வேண்டாம் என்று மலாய் மொழியில் அமைதியாகச் சொன்னார். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

மடிக்கணினியைச் செருகி உட்கார்ந்தேன். ஓரத்தில் ஓர் எச்சரிக்கை எட்டிப் பார்த்தது. தினமும் வருவதுதான், தினமும்போல் வாசிக்காமல் மூடினேன். எல்லாத் திரையும் நின்றது.

பேப்பர் தயாரிக்கும் அமுதா (ஆமாம், உங்கள் அம்மாதான்) நாற்காலியைத் திருப்பினாள்.

"அண்ணே, நீங்க சாப்பிடப் போனா ஓடுது. வந்து உக்காந்தா நிக்குது. கொஞ்சம் வெளிய போய் நில்லுங்க லா."

(அண்ணே என்றுதான் கூப்பிட்டாள். அதைக் கிளறாதீர்கள்.)

"இது டெக்னிக்கல் விஷயம்மா."

"சரி, டெக்னிக்கலா வெளிய நில்லுங்க. அந்த லெப்டாப்பையும் தூக்கிட்டுப் போங்க."

போனேன். கண்ணாடிக் கதவு வழியே பார்த்தால் எல்லாத் திரையும் ஓடுகிறது. உள்ளே வந்து மறுபடி செருகி, அந்த எச்சரிக்கையை முதல்முறையாக வாசித்தேன். இந்த எண்ணில் ஏற்கெனவே வேறொரு கணினி இருக்கிறதாம்.

நெட்வொர்க்கில் ஒவ்வொரு கணினிக்கும் வீட்டு எண்போல ஒன்று உண்டு. முதலாளிக்கு எட்டு ராசி. அவர் கார் எட்டு, கைத்தொலைபேசியும் எட்டு. அவர் மனம் குளிரட்டும் என்று முதல் நாளே என் மடிக்கணினிக்கு எட்டு வைத்தேன். தூசி தட்டுவதற்காக அப்போது சர்வரை அணைத்திருந்தேன். அந்த எண்ணில் யாரும் பதில் சொல்லவில்லை, காலி வீடு என்று குடியேறிவிட்டேன். எட்டுக்கு உயிரை விடும் மனிதர் தன் சர்வருக்கு என்ன எண் வைத்திருப்பார் என்று யோசிக்க மூளை வேண்டும். என்னிடம் அட்டைதான் இருந்தது. ஒரே எண்ணில் இரண்டு வீடு, சர்வரைத் தேடி வந்த கணினிகளெல்லாம் என் மடிக்கணினியின் கதவைத் தட்டி நின்றன.

மடிக்கணினியைக் கழற்றி வைத்தேன், பேப்பர் விமானத்தைப் பிடித்தது. முதலாளி திட்டவில்லை. என் மடிக்கணினிக்குத் தன் வாயாலேயே புது எண் சொன்னார்: நான்கு. சீனர்கள் சாவாக நினைத்து ஒதுக்கும் எண். பல கட்டடங்களில் அந்த மாடியே கிடையாது. வேலை நிரந்தரமான பிறகும் அதை அவர் மாற்றவில்லை.

இன்றைக்கு வீட்டில் வைஃபை நின்றால் உங்களில் ஒருவராவது ரவுட்டரைப் பார்க்கிறீர்களா? அம்மாவோடு சேர்ந்து என்னைத்தான் பார்க்கிறீர்கள். நானும் சிலிப்பரை மாட்டிக்கொண்டு வெளியே போய் நிற்கிறேன். கொடுமை என்னவென்றால், பாதி நேரம் அது சரியாகிவிடுகிறது.