பூட்டி வைத்த போனில் போன சார்ஜ்

பொய் சொல்லி மாட்டிக்கொண்டவனுக்கு ஒரு வசதி உண்டு. அடுத்த முறை இன்னும் நல்ல பொய்யாகப் பார்த்துச் சொல்லிக்கொள்ளலாம். உண்மையைச் சொல்லி மாட்டிக்கொண்டவன் என்ன செய்வான்? அதைவிட நல்ல உண்மைக்கு எங்கே போவான்? நான் அப்படி மாட்டியவன். நான் சொன்ன உண்மை ஒரே வரிதான்: "நான் போனைத் தொடவே இல்லை, சார்ஜ் தானாகப் போய்விட்டது."

பொம்மனஹள்ளியில் ஒரு கார்மெண்ட்ஸ் கம்பெனியில், துணி வெட்டும் பிரிவில் எனக்கு வேலை. உள்ளே போன் கொண்டுபோகக் கூடாது. காலையில் ஸ்கூட்டரில் போய் இறங்கியதும் ஜெர்கினைக் கழற்றி, அதன் உள்பாக்கெட்டில் இருக்கிற போனோடு அப்படியே சுருட்டி லாக்கரில் வைத்துப் பூட்டுவேன். சாயங்காலம் திறந்தால் போன் செத்திருக்கும். சில நாள் மட்டும் போட்ட சார்ஜ் அப்படியே இருக்கும். (தினமும் செத்திருந்தால்கூடத் தூக்கிப் போட்டிருப்பேன். இந்த 'சில நாள்'தான் ஆளைக் கொன்றது.)

என் பக்கத்து மேஜை மஞ்சு கன்னடக்காரர். தமிழில் அவர் ஒரு வாக்கியம் சொன்னால் நான் ஒரு வாரம் அதையே சொல்லிக்கொண்டு திரிவேன். அவர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "பூட்டின வீட்டுல மீட்டர் ஓடுதுன்னா, உள்ள எவனோ குடியிருக்கான்னு அர்த்தம் குரு" என்றார்.

அன்றிலிருந்து குடியிருப்பவனைக் காலி பண்ணும் வேலையில் இறங்கினேன். செயலிகளை ஒவ்வொன்றாக விரட்டினேன். கடைசியில் காலண்டர்கூட மிஞ்சவில்லை. திரை வெளிச்சத்தைக் குறைத்துக் குறைத்து, போன் ஓடுகிறதா இல்லையா என்று எனக்கே தெரியாத நிலைக்குக் கொண்டுவந்தேன். பேட்டரியை மாற்றினேன். புதுப் பேட்டரியும் பழையதைப் போலவே ஒழுங்காகச் செத்தது.

இந்த நேரம் பார்த்துத்தான் அக்கா எனக்கு ஒரு வரன் கொண்டுவந்தாள். பிரேசர் டவுன் பெண், பெயர் ஸ்டெல்லா, பள்ளியில் சயின்ஸ் டீச்சர். போட்டோவைப் பார்த்ததும் எனக்குப் பிடித்துவிட்டது. (பிடித்துவிட்டது என்பது அடக்கமான சொல். அந்த வாரம் துணியை ரெண்டு இடத்தில் கோணலாக வெட்டினேன்.) ஆனால் ஸ்டெல்லாவின் அப்பா என்னிடம் பேச மூன்று நாள் கூப்பிட்டிருக்கிறார், மூன்று நாளும் சாயங்காலம் நாலு மணிக்கு. மூன்று நாளும் சுவிட்ச் ஆஃப்.

"நாலு மணிக்குப் போனை அணைச்சு வெக்கிற பையனுக்கு நாலு மணிக்கு இன்னா வேலைம்மா? எனக்கு மனசு ஒப்பல" என்று அக்காவிடமே சொல்லிவிட்டார்.

அக்கா கெஞ்சிக் கூத்தாடி ஒரு ஞாயிற்றுக்கிழமை வாங்கினாள். நான் நேரில் போய் விளக்க வேண்டும். சரியாக விளக்கினால் பெண், இல்லாவிட்டால் இல்லை. "சார்ஜோட வாடா, உன்னை வேற ஒண்ணும் கேக்கல" என்று சொல்லிவிட்டு அவள் முன்னாலேயே பஸ்ஸில் போய்விட்டாள்.

நான் முழுச் சார்ஜ் போட்டேன். மெல்லிசான புது வெள்ளைச் சட்டை. அதை மறைக்க மனமில்லாமல் ஜெர்கினை வீட்டிலேயே விட்டேன். போனைச் சட்டைப் பையில், திரையில் கீறல் விழாதபடி நெஞ்சுப் பக்கமாகத் திருப்பி வைத்தேன். ஓசூர் ரோட்டில் ஆரம்பித்து பிரேசர் டவுன் வரை குழாய் பதிக்கத் தோண்டியிருந்தார்கள். வண்டி ஓடியதைவிடக் குதித்ததே அதிகம்.

அந்த வீட்டு ஹாலில் திரைச்சீலை இழுத்து விட்டிருந்ததால் வெயிலுக்கு இதமான இருட்டு. சுவரில், நெஞ்சில் இதயம் சுடர்விடும் இயேசுவின் திரு இருதயப் படம், அதற்கு முன்னால் ஒரு குட்டிச் சிவப்பு பல்பு. சரியாக அதற்குக் கீழே என்னை உட்கார வைத்தார்கள். எதிரே ஸ்டெல்லாவின் அப்பா, அவருடைய தங்கை, தலை குனிந்தபடி என் அக்கா.

"சொல்லுப்பா, நாலு மணியானா எங்க போறே?"

"எங்கயும் போகல சார். போன் லாக்கர்ல இருக்கும். நான் தொடவே மாட்டேன், சார்ஜ் தானா போயிடுது."

"தொடாமயே போவுதா?"

"ஆமா சார்."

"நான் சாப்பிடவே இல்ல, தட்டு தானா காலியாவுதுன்னு என் வூட்ல சொல்லிப் பாத்தேன்பா. யாரும் நம்பல."

கடைசி ஆயுதமாக, நெஞ்சோடு கட்டியிருந்த கையை எடுத்துவிட்டு எழுந்து நின்றேன். "சார், என் நெஞ்சுல ஒளிவு மறைவே கிடையாது."

அத்தைக்காரம்மா என்னைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்து மெதுவாகச் சிலுவை போட்டுக்கொண்டார்.

"ஆண்டவரே. நெஞ்சு எரியுதே தம்பி."

"காலையில பூரி சாப்பிட்டேன்மா, வேற ஒண்ணுமில்ல" என்றேன்.

உள் அறைக் கதவோரம் யாரோ அடக்க முடியாமல் சிரித்தார்கள். ஸ்டெல்லா வெளியே வந்தாள். "ஏங்க, உங்க பாக்கெட்ல டார்ச் எரியுது."

குனிந்து பார்த்தேன். சட்டைக்குள்ளிருந்து ஒரு தெய்விக ஒளி. பதறிப்போய் போனை உருவி, வெளிச்சத்தை நேராக அவள் அப்பாவின் கண்ணில் அடித்தேன்.

ஸ்டெல்லா கையை நீட்டிப் போனை வாங்கினாள். ரெண்டு உலுக்கு உலுக்கினாள், அணைந்தது. மறுபடி ரெண்டு உலுக்கு, எரிந்தது.

"உலுக்கினா டார்ச் எரியற மாதிரி வெச்சிருக்கீங்களா?"

"நான் வெக்கலங்க. எங்க பெரியப்பா பையனோட பழைய போன்."

"தினமும் எந்த ரோட்டுல வேலைக்குப் போறீங்க?"

"ஓசூர் ரோடு."

"அப்ப குழியில வண்டி விழும்போதெல்லாம் டார்ச் எரிஞ்சிருக்கும். அடுத்த குழியில அணைஞ்சிருக்கும்."

என் மூளைக்குள்ளும் அப்போதுதான் விளக்கு எரிந்தது. குழி இரட்டைப்படையில் முடிந்த நாள் போன் பிழைத்திருக்கிறது. ஒற்றைப்படையில் முடிந்த நாளெல்லாம் பூட்டிய லாக்கருக்குள், சுருட்டிய ஜெர்கினுக்குள், எவனுக்குமே இல்லாமல் ஒரு டார்ச் பகல் முழுக்க எரிந்திருக்கிறது. "லாக்கருக்குள்ள எரிஞ்சிருக்கு சார், உள்ளயே எரிஞ்சிருக்கு" என்று நான் நாலு முறை சொன்னதாக அக்கா சொல்கிறாள். ஐந்தாவது முறைக்கு அவள் என் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தாளாம்.

ஸ்டெல்லாவின் அப்பா போனை வாங்கித் தானே உலுக்கிப் பார்த்தார். எரிந்தது, அணைந்தது, எரிந்தது. பத்துத் தடவையாவது இருக்கும்.

"இந்த ஊரு ரோடு இதுவரைக்கும் ஒருத்தனுக்கும் நல்லது பண்ணதில்ல" என்றார். "உனக்குச் சாட்சி சொல்லியிருக்குது. உக்காருப்பா, சாப்பிட்டுப் போவலாம்."

ஸ்டெல்லா அன்றைக்கே அந்த வசதியைப் போனிலிருந்து எடுத்துவிட்டாள். மறு வருஷம் கல்யாணம். அத்தைக்காரம்மா எந்த விசேஷத்தில் பார்த்தாலும், "இப்ப நெஞ்செரிச்சல் எப்படி இருக்குது?" என்று விசாரிக்கத் தவறுவதில்லை. மாமனாரோ ஒரு படி மேல். ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில் மூக்கு முட்டச் சாப்பிட்டுவிட்டு நான் சோபாவில் கண் அசந்தால் போதும், உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பார்:

"ஸ்டெல்லா, மாப்பிள்ளை சுவிட்ச் ஆஃப் ஆயிட்டார். வந்து ரெண்டு உலுக்கு உலுக்கு."

அவளும் வந்து, கணக்காக ரெண்டே உலுக்குதான் உலுக்குவாள். நான் எரிந்துகொண்டே எழுந்திருப்பேன்.