சைக்கிள் டைம் சார் குடைந்த பலகை

ஓசூரில் உள்ள அத்தனை தொழிற்சாலை மெஷின்களும் ஒன்றாகச் சேர்ந்து போடும் சத்தம்கூட, எங்கள் சைக்கிள் டைம் சார் ஒருவர் போட்ட சத்தத்துக்கு ஈடாகாது.

ஒரு பொருளைச் செய்து முடிக்க மெஷினுக்கு எத்தனை நிமிஷம் பிடிக்கிறது என்பதற்குத் தொழிற்சாலையில் சைக்கிள் டைம் என்று பெயர். முப்பது வருஷம் அதை அளந்தே ரிட்டயர் ஆனவர். கம்பெனி அவரை விட்டுவிட்டது. அவர்தான் கம்பெனியை விடவில்லை. டீக்கடையில் மாஸ்டரைப் பிடித்து, "நாலு தடவ ஆத்துறீங்க, ரெண்டு போதும். மிச்சம் வேஸ்ட்டு" என்பார். பக்கத்து வீட்டுக் கல்யாணத்தில் ஐயரிடம் வாட்சைக் காட்டி, "தாலி கட்ட அஞ்சு செகண்டு. மத்த ஒன்றரை மணி நேரம் என்னதான் பண்றீங்க?" என்று கேட்டார். அதற்குப் பிறகு தெருவில் யாரும் அவருக்குப் பத்திரிகை வைக்கவில்லை.

அப்படிப்பட்டவர், நான் மரச் செதுக்குப் பட்டறை போட்ட முதல் வருஷம், சம்பளமே வேண்டாம் என்று சொல்லி உள்ளே நுழைந்தார். சும்மா வருவதை வேண்டாம் என்று சொல்லும் புத்தி அப்போது எனக்கு இல்லை.

பர்கூரில் கிரானைட் வியாபாரம் செய்யும் பாய் ஒருவர், தன் தோட்டத்துத் தேக்கை அறுத்து மூன்று அங்குல கனத்தில் ஒரு பலகை கொண்டுவந்தார். புது வீட்டு வாசலுக்கு மேலே வைக்க அதில் மாங்கொத்து செதுக்க வேண்டும். அடுத்த வெள்ளிக்கிழமை குடிபோக நாள் குறித்தாயிற்று. அந்த அகலத்தில் வேறு பலகை கிடையாது. அது கெட்டால் பர்கூர் பக்கமே நான் தலைகாட்ட முடியாது.

எங்கள் செதுக்குக்காரர் மஞ்சண்ணா ஜவளகிரிக்காரர். மாங்காய்களைச் சுற்றியிருக்கும் வேண்டாத மரத்தை எடுக்க மட்டும் மூன்று நாள் கேட்டார்.

"மூணு நாளா? ரெண்டு மணி நேரம்யா!" என்றார் சார்.

"கொஞ்சம் கொஞ்சமா எடுக்கணுங்க சார். மரம் மூச்சு விடணும்."

"மூச்சு விடறதுக்கு அது என்ன ஆடா, மாடா? மெட்டீரியல்யா அது!"

டிரில்லிங் மெஷினில் குறிப்பிட்ட ஆழத்துக்கு மேல் இறங்காதபடி ஒரு தடை வைத்தார். வேண்டாத இடம் முழுக்க ஓட்டை ஓட்டையாகப் போட்டார். பலகை தேன்கூடாகிவிட்டது. ஓட்டைகளுக்கு நடுவே நின்ற மரத்தை உளியால் தட்டியதும் பொலபொலவென்று உதிர்ந்தது. உண்மையைச் சொல்ல வேண்டும், பிரமாதமான வேலை. ஒன்றே முக்கால் மணி நேரத்தில் முடித்து, மஞ்சண்ணாவைக் கைதட்டச் சொன்னார். அவரும் தட்டித் தொலைத்தார்.

மறுநாள் காலை பலகை முறம் மாதிரி வளைந்து கிடந்தது. ஒரே பக்கத்தில் அவ்வளவு மரத்தை ஒரேயடியாக எடுத்ததில், உள்ளே இருந்த ஈரம் காய்ந்து அந்தப் பக்கம் சுருங்கிவிட்டது. சார் பழகிய இரும்பு இப்படியெல்லாம் துரோகம் செய்யாது.

"ஹோயித்து சாமி, ஹோயித்து!" என்று மஞ்சண்ணா தலையில் கை வைத்தார். போச்சு என்பதைக்கூட, பயம் வந்தால் அவருக்குக் கன்னடத்தில்தான் சொல்ல வரும்.

சார் ஸ்கேலை வைத்துப் பார்த்தார். "ஒம்பது மில்லிமீட்டர். நேத்து சரியாத்தான இருந்துச்சு? யாரு தொட்டது?"

"நீங்கதான் சார் தொட்டீங்க!" என்றேன். வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். அவருடைய முப்பது வருஷ சர்வீஸையும் இழுத்து வைத்துத் திட்டினேன்.

மஞ்சண்ணாதான் வழி சொன்னார். குடைந்த பக்கத்தில் ஈரச் சாக்கு போட்டு, முதுகுப் பக்கத்திலும் மரத்தை எடுத்து, மெல்ல மெல்லக் கிளாம்ப் போட்டு இறுக்க வேண்டும். மெஷின் கூடாது, உளிதான். சார் யாரையும் பக்கத்தில் விடாமல் தானே உட்கார்ந்தார். மூன்று நாள் சீவல் சீவலாக எடுத்தார். உள்ளங்கை கொப்பளித்துப் போனது. பலகை நிமிர்ந்ததும் மஞ்சண்ணா மாங்காய்களைச் செதுக்கி முடித்தார்.

வியாழக்கிழமை பாய் வந்தார். பலகை நன்றாகவே இருந்தது. ஒரு மூலை மட்டும் லேசாகத் தூக்கியிருந்தது, சொன்னால்தான் தெரியும். நான் சொல்லவில்லை. வியாபாரம் ஆயிற்றே.

சார் முன்னால் போய் நின்றார். "பாய், இதுல ரெண்டு மில்லிமீட்டர் வளைவு இருக்குது. மரத்து மேல தப்பில்ல, இவங்க மேலயும் இல்ல. நான்தான் அவசரப்பட்டுட்டேன்."

பாய் பலகையைத் தடவினார். பிறகு சாரின் கையைப் பார்த்தார்.

"எங்க குவாரியில கல்லு விரிசல் விட்டா, இத்தன வருஷத்துல ஒருத்தன்கூட நான்தான்னு சொன்னதில்லைங்க" என்றார். "ஏத்துங்க வண்டியில."

சார் இப்போது மைசூரில் மகள் வீட்டில் இருக்கிறார். அவரை நான் இன்றைக்கும் ஊரெல்லாம் கேலி செய்துகொண்டுதான் திரிகிறேன். வேறு யாராவது செய்தால் மட்டும் எனக்குக் கோபம் வந்துவிடுகிறது.