உடம்பைப் பார்த்தியா?

ஆடி மாதம் பதினேழாம் தேதி, சனிக்கிழமை. ஐந்தரைக்கு எழுந்தேன். வாசலில் இருந்த பால் பாக்கெட்டை எடுத்து உள்ளே வைத்தேன். நாட்காட்டியில் வெள்ளிக்கிழமையைக் கிழித்தேன். தெப்பக்குளத்தைச் சுற்றி வழக்கமான நடை. வீடு திரும்பி, காப்பியை ஆற்றிக்கொண்டே, அன்று விடியற்காலை மின்தடையைப் பற்றி டைரியில் எழுதிக்கொண்டிருந்தபோது கைபேசி சிணுங்கியது. காமிக்ஸ் வாசகர்களின் வாட்ஸ்அப் குழு. ‘இடி காலமானார். நெஞ்சு பதறுகிறது’ என்று ஒருவர் எழுதியிருந்தார். கண்மூடித் திறப்பதற்குள் கும்பிடும் கைகள் வரிசையாக முளைத்தன. ஒருவர் மட்டும் ‘மறுபடியுமா?’ என்று கேட்டிருந்தார். துக்க நேரத்தில் இதென்ன குசும்பு என்று எனக்குக் கோபம் வந்தது.

சென்னையில் சாவின் மேல் நம்பிக்கை இல்லாத மனிதர் ஒரே ஒருவர்தான் உண்டு. அவர் எங்கள் இடி அண்ணன். அவரே செத்துப்போய்விட்டார் என்றால் மற்றவர்கள் கதி என்ன? பேனா கையில் இருந்ததால் கை தானாக எழுதிவிட்டது: ‘இடி அண்ணன் காலமானார்.’ எழுதிய பிறகுதான் அதைப் படித்தேன். படித்த பிறகுதான் பேனாவைக் கீழே வைத்தேன்.

இடி அண்ணனுக்கு மேற்கு மாம்பலத்தில் மிக்ஸி, கிரைண்டர் ரிப்பேர் கடை. பலகையில் ‘இடி எலெக்ட்ரிக்கல்ஸ்’ என்று எழுதியிருக்கும். மின்சாரச் சாமான் கடைக்கு வைக்கிற பெயரா இது என்று கேட்காத வாடிக்கையாளர் கிடையாது. பெயருக்குக் காரணம் இடிக்கரம். மாதம் ஓர் இதழாக, நாங்கள் அரைக்கால் சட்டை போட்ட நாளிலிருந்து இன்றுவரை நிற்காமல் வந்துகொண்டிருக்கும் காமிக்ஸ் நாயகன். வலது கை முழுக்க உலோகம். ஓங்கினால் இடி விழும்.

நாங்கள் சந்தித்துக்கொண்டதே இடிக்கரத்தால்தான். லஸ் முனையில், நடைபாதைப் பழைய புத்தகக் கடையில், ஒரே இதழை இரண்டு பக்கத்திலிருந்தும் இருவர் பிடித்தோம்.

“விடு மச்சி, கிழிஞ்சிடும்.”

“நீங்க விடுங்க. நான்தான் மொதல்ல பார்த்தேன்.”

கிழிந்தது. முன்பாதி அவர் கையில், பின்பாதி என் கையில். கடைக்காரர் இருவரிடமும் முழு விலை வாங்கிக்கொண்டார். அந்தக் கதையை முழுசாகப் படிக்க வேண்டுமென்றால் இன்றைக்கும் நாங்கள் இருவரும் ஒரே இடத்தில் உட்கார வேண்டும். நான் எதையும் அன்றன்றே எழுதிவைக்கிறவன் என்று தெரிந்ததும் எனக்கு ‘டைரி’ என்று பெயர் வைத்தார். என் நிஜப்பெயர் அவருக்கு ஞாபகம் இருக்கிறதா என்பது சந்தேகம்தான். அவருடையது எனக்கு நிச்சயமாக ஞாபகம் இல்லை.

இவ்வளவு காலம் ஒரு நாயகனோடு வாழ்ந்தால் சில விசித்திரங்கள் நேரும். நான் ஏழாம் வகுப்பில் இருந்தபோது இடிக்கரத்துக்கு முப்பது வயது. எனக்கு அண்ணன் மாதிரி. பிறகு எனக்கும் முப்பது வந்தது. கொஞ்ச நாள் இருவரும் சமவயதுக்காரர்களாக இருந்தோம். இப்போது எனக்கு ஐம்பத்து நான்கு. அவன் அங்கேயேதான் நிற்கிறான். முன்பெல்லாம் அவன் மழையில் சண்டை போட்டால் எனக்கு மயிர்க்கூச்செறியும். இப்போது, தலையைத் துவட்டிக்கொள்ளடா என்று சொல்லத் தோன்றுகிறது.

எத்தனையோ முறை செத்திருக்கிறான். எரிந்திருக்கிறான், கடலில் மூழ்கியிருக்கிறான், சூரியனுக்குள் தூக்கி எறியப்பட்டிருக்கிறான். ஒருமுறை கடுகளவுக்குச் சுருங்கி ஒரு தண்ணீர்ச் சொட்டில் காணாமல் போனான். ஒவ்வொரு முறையும் நான் சோறு இறங்காமல் உட்கார்ந்திருப்பேன். இடி அண்ணன் ஒன்றே ஒன்றுதான் கேட்பார்: “உடம்பப் பாத்தியா?”

“இல்லண்ணே.”

“அப்பால இன்னாத்துக்கு மூஞ்ச தொங்கப் போட்டுக்கினு கீற? ஆறு மாசத்துல வந்துடுவான்.”

வந்துவிடுவான்.

இது காமிக்ஸோடு நின்றிருந்தால் யாருக்கும் தொல்லை இல்லை. அண்ணன் அந்தச் சட்டத்தை உலகம் முழுவதற்கும் நீட்டிவிட்டார். கடைக்கு வருகிறவர் “மிக்ஸி செத்துப்போச்சுங்க” என்று சொன்னால், “சாவல. மயக்கத்துல கீது” என்று திருத்திவிட்டுத்தான் வாங்கிக்கொள்வார். கல்யாண நாளை மறந்த வருடம், மல்லிகா அண்ணியிடம் காமிக்ஸ் பாணியில், “மல்லி, இது வேற பூமி. இந்தப் பூமில நமக்கு இன்னும் கல்யாணமே ஆவல” என்றாராம். அண்ணி அடுப்பை அணைத்துவிட்டு, “சரி. இந்தப் பூமில உங்களுக்குச் சோறும் ஆவல” என்றாராம். இரண்டு நாள் கையேந்தி பவனில் சாப்பிட்ட பிறகு பழைய பூமிக்குத் திரும்பினார்.

துக்க வீடுகளில் அவர் செய்ததுதான் எல்லாவற்றையும் மிஞ்சியது. அங்கிருந்து கிளம்பும்போது சொல்லிக்கொள்ளக் கூடாது என்பது சின்னக் குழந்தைக்கும் தெரியும். அண்ணன் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர் காலமானபோது இருவரும் போனோம். ஐஸ் பெட்டியின் மேல் குனிந்து, கண்ணாடி மூடியில் மூக்கு படும்படி வெகுநேரம் பார்த்தார். அதைப் பாசம் என்று நினைத்துப் பக்கத்தில் இருந்தவர்கள் நெகிழ்ந்தார்கள். பிறகு நிமிர்ந்து, தெருவுக்கே கேட்கும் குரலில், “போயிட்டு வரேன்!” என்றார்.

சங்கு பாதியில் நின்றது. அழுதுகொண்டிருந்த பெண்கள் அழுகையை நிறுத்திவிட்டுத் திரும்பினார்கள். இறந்தவரின் தம்பி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, “எவன்டா அவன்?” என்று எழுந்தார். நான் அண்ணனைத் தரதரவென்று தெருமுனை வரை இழுத்து வந்தேன்.

“என்னண்ணே இப்படிப் பண்ணிட்டீங்க!”

“செத்தவர் கையிலதானே சொன்னேன்? நாளைக்குத் திரும்பி வந்தாருன்னா, சொல்லாம கொள்ளாம பூட்டான்னு கோச்சிக்க மாட்டாரு?”

“உடம்பைத்தான் பார்த்தீங்களே!”

“பாத்தேன். டூப்பா கூட இருக்கலாம்.”

அன்றிலிருந்து எந்தத் துக்க வீட்டுக்குப் போனாலும், கிளம்புகிற நேரத்தில் நான் அவர் தொடையைக் கிள்ளுவது வழக்கம். அப்படியும் பாதி நாள் சொல்லிவிடுவார்.

அந்த மனிதர்தான் காலமானார் என்று குழுவில் செய்தி. அவரை அழைத்துப் பார்த்தேன், கைபேசி அணைந்திருந்தது. சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். மாட வீதியில் பூக்கார அம்மாவிடம், “ஒரு மாலை. பெரிசா” என்றேன்.

“இன்னாத்துக்கு நைனா? சாமிக்கா, சாவுக்கா?”

அந்த இரண்டாவது சொல் என் வாயில் வரவில்லை. “சாமிக்கு” என்றேன். சம்பங்கியும் அரளியும் வைத்து, நடுவில் ரோஜாக் குஞ்சம் தொங்க, ஆள் உயரத்தில் ஒன்றை எடுத்துத் தோளில் போட்டுவிட்டார்.

தியாகராய நகரை ஆடித் தள்ளுபடிக் கூட்டம் அடைத்துக்கொண்டிருந்தது. ஆட்டோக்காரர் கண்ணாடியில் மாலையைப் பார்த்தார். “யாரு சார்?”

“ஃப்ரெண்டு.”

“சுரங்கப்பாதை வரைக்கும் ஜனம் நிக்குது சார். நாம போய்ச் சேர்றதுக்குள்ள பத்தாம் நாள் காரியமே முடிஞ்சிடும்போல கீதே!”

என் முகத்தைப் பார்த்துவிட்டு ஹாரனை அழுத்தினார்.

அண்ணன் வீட்டு வாசலில் சாமியானா இல்லை, செருப்புகள் இல்லை, ஒரு பிளாஸ்டிக் நாற்காலிகூட இல்லை. அதற்குள் எடுத்துவிட்டார்களோ என்று நினைத்தேன். மாடியேறிக் கதவைத் தட்டினேன். கதவைத் திறந்தவர் இடி அண்ணன்.

சுவரைப் பிடித்துக்கொண்டேன். லுங்கியில் நின்றிருந்த அவர் மாலையை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

“யாருக்கு?”

“உங்களுக்குத்தான்.”

“எனுக்கா? பொறந்த நாளு கூட இல்லியே.”

கைபேசியை எடுத்து நீட்டினேன். படித்தார். தலையில் அடித்துக்கொண்டார்.

“அடப்பாவி! அது நான் இல்ல, இடிக்கரம். புது இதழு நேத்து வந்திச்சு. உனுக்கு இன்னும் வரலியா?”

“மயிலாப்பூருக்குக் கூரியர் எப்பவும் ஒரு நாள் லேட்டுண்ணே.”

“உடம்பப் பாத்தியா? பாக்காம மால வாங்கிக்கினு வந்து நிக்கிறியே! இத்தினி வருசமா இன்னாத்தப் படிச்ச நீ?”

எனக்கு வந்த சிரிப்பில் கண்ணீரும் கலந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. உள்ளே போய்க் கட்டிலில் உட்கார்ந்து சுவரைப் பார்த்தார். நான் சிரிப்பை நிறுத்தினேன்.

மல்லிகா அண்ணி கண்ணால் கூப்பிட்டார். சமையலறையில் குரலைத் தாழ்த்தினார். “நாளைக்கு ஆஸ்பத்திரில சேரணும். திங்கக்கெழம இதயத்துல ஆப்பரேசன். யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு. நேத்து அந்தப் புத்தகம் வந்ததுல இருந்து, வரமாட்டேன், அடுத்த மாசம் பாத்துக்கலாம்ங்கறாரு. டாக்டரு ஒரு வாரம்கூடத் தாங்காதுங்கறாரு.”

நான் திரும்பி அண்ணன் இருந்த பக்கம் பார்த்தேன்.

“எழவு வீட்லகூட போயிட்டு வரேன்னு கத்தறவரு தம்பி. நேத்துல இருந்து கீழ கடைக்குப் போனாக்கூட என்கிட்டச் சொல்லாமப் போறாரு.”

அன்று காலையிலிருந்து நான் எத்தனையோ முறை அதிர்ந்திருந்தேன். காலமானார் என்ற செய்திகூட என்னை இவ்வளவு பயமுறுத்தவில்லை. தோளில் மாலை இன்னும் கிடந்தது. அண்ணியே அதை எடுத்தார். “எதுக்கு வாங்குனீங்க?” என்று கேட்டார். “சாமிக்குன்னு சொல்லித்தான் வாங்கினேன்” என்றேன். நேரே கொண்டுபோய் முருகன் படத்துக்குப் போட்டார். படம் மறைந்து வேல் மட்டும் தெரிந்தது.

அண்ணன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“ஆபரேஷனாமே.”

“சொல்லிட்டாளா? நெஞ்சத் தொறந்து, கொஞ்ச நேரம் நிறுத்தி வெச்சி, சரி பண்ணி, மறுபடி ஓட்டுவாங்களாம்.”

“நீங்க தினமும் செய்யறதுதானே?”

“அதாண்டா பயம். எத்தினி மிக்ஸி கழட்டி மாட்டிக்கீறேன்! சில நேரம் மூடி போட்டப்புறம் ஒரு ஸ்க்ரூ மிஞ்சும்.” தலையணைக்கு அடியிலிருந்து புது இதழை எடுத்துக் கொடுத்தார். “எனுக்கு ஒண்ணும் ஆவாதுன்னுதான் இருந்தேன் டைரி. இவனே பூட்டான்.”

“டூப்பா இருக்கலாமே?”

“மூஞ்ச கிட்டக் காட்டிட்டான். எதிரிங்கல்லாம் நின்னு அழுவுறானுங்க. இந்தத் தபா உடம்பப் பாத்துட்டேன்.”

கடைசிப் பக்கம் முழுக்க ஒரே படம். மழை. கல்மேடையில் இடிக்கரம் படுத்திருந்தான். அதே முப்பது வயது முகம். ஆனால் காலையில் பார்க்காமல் நம்பி ஏமாந்தவன் நான். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தேன்.

“அண்ணே, இடிக்கரத்துக்கு இரும்புக் கை எந்தப் பக்கம்?”

“இன்னா கேள்வி இது? சோத்துக் கை.”

“இதுல எந்தக் கை?”

இதழைப் பிடுங்கினார். தன் இரண்டு கைகளையும் நீட்டி வைத்துக்கொண்டு படத்தைப் பார்த்தார். எழுந்து, இதழைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, படத்தில் கிடக்கிற மாதிரியே கட்டிலில் படுத்துப் பார்த்தார். பிறகு துள்ளி எழுந்தார்.

“பீச்சாங்கை! மல்லி! பீச்சாங்கைடி! டூப்பு!”

அண்ணி கரண்டியோடு ஓடி வந்தார். நெஞ்சு வலி என்று நினைத்துவிட்டார். இவர் கட்டில்மேல் நின்று, “சாவல! சாவல!” என்று கத்திக்கொண்டிருந்தார். கீழ்வீட்டிலிருந்து யாரோ, “இன்னாங்க, யாரு சாவல?” என்று கேட்டார்கள்.

மூச்சு வாங்க உட்கார்ந்ததும் என்னைப் பார்த்தார். இந்தத் தொடரில் வில்லனுக்கு இரண்டு காலும் இடது காலாக வந்த இதழ் எங்கள் இருவரிடமும் இருக்கிறது. படம் போடுகிறவருக்குக் கை மாறுவது புதிதல்ல.

“படம் போட்டவன் தப்பா போட்டுட்டான்னு நினைக்கிறியா டைரி?”

“நான் ஒண்ணும் நினைக்கலண்ணே.”

“நினைக்காத.” இதழை மூடினார். “காலைல டைரில எழுதிட்டியா, நான் செத்துட்டேன்னு?”

“எழுதிட்டேன். இங்க்கில.”

“அடிக்காத, அசிங்கமா இருக்கும். கீழ ஒரு வரி போடு. உடம்பப் பாக்கலன்னு.”

“நாளைக்கு ஆஸ்பத்திரி?”

அவர் அண்ணியைப் பார்த்து, “மல்லி, இட்லி கீதா?” என்றார். மேற்கொண்டு ஒரு வார்த்தையும் வாங்க முடியவில்லை. நான் வீட்டுக்கு வந்து, டைரியில் அவர் சொன்ன வரியை எழுதி, அன்றைய குறிப்பை முடிக்க வழக்கமாகப் போடும் கோட்டைப் போடாமல் விட்டேன்.

மறுநாள் ஆடிப்பெருக்கு, ஞாயிற்றுக்கிழமை. கதவைத் திறந்து பால் பாக்கெட்டுக்குக் குனிந்தபோதே கைபேசி அடித்தது. பின்னால் ஆட்டோ உறுமிக்கொண்டிருந்தது. பை எல்லாம் ஏறிவிட்டதா என்று அண்ணி யாரையோ கேட்பது கேட்டது.

“டைரி, கெளம்பிட்டேன்டா. போயிட்டு வரேன்!”

எத்தனை துக்க வீடுகளில், அந்தச் சொல் வெளியே வராதிருக்க, அவர் தொடையைக் கிள்ளியிருக்கிறேன்!

“சரியாக் கேக்கலண்ணே. இன்னொரு தடவை சொல்லுங்க.”

தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். அதன் பிறகுதான் பாலை எடுத்து உள்ளே வைத்தேன்.