முன் அனுமதி பெற்ற காய்ச்சல்

இந்தியாவுக்கு ஆங்கிலத்தைக் கொண்டுவந்தவர்கள் வெள்ளைக்காரர்கள் என்பது பாதி உண்மைதான். அவர்கள் கடற்கரையோரமாக இறக்கிவைத்துவிட்டுப் போனார்கள். அதை அங்கிருந்து தூக்கிவந்து, திண்டுக்கல் தாண்டி, அகரம் தாண்டி, வெங்காயக் காடுகளுக்கு நடுவே இருக்கும் ஓர் அரசு உதவி பெறும் நடுநிலைப்பள்ளியின் ஏழாம் வகுப்பில் நிலைநாட்டியவன் நான். பள்ளியின் பெயரைச் சொல்ல என் அடக்கம் இடம் தரவில்லை. தலைமையாசிரியரும் சொல்ல வேண்டாம் என்றுதான் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

ஆங்கிலம் கற்பிப்பதில் என் கொள்கை எளிமையானது. பேசினால் பிழை வரும். ஆகவே பேசக் கூடாது. சொந்தமாக எழுதினால் பிழை வரும். ஆகவே சொந்தமாக எழுதக் கூடாது. இந்த இரண்டையும் தவிர்த்துவிட்டால் ஆங்கிலத்தைப் போல எளிய மொழி வேறு கிடையாது. கரும்பலகையில் நான் எழுதுவேன், பார்த்து அவர்கள் எழுதுவார்கள். எங்கள் பள்ளியில் பல ஆண்டுகளாக ஓர் ஆங்கிலப் பிழைகூட நிகழ்ந்ததில்லை. ஓர் ஆங்கில வாக்கியமும் நிகழ்ந்ததில்லை என்று சிலர் சொல்கிறார்கள். அவர்கள் கணக்கு வாத்தியார்கள், விட்டுவிடுவோம்.

1996-ஆம் ஆண்டு எங்கள் தலைமையாசிரியர் மிக்கேல்ராஜ் வரலாற்றுச் சிறப்புமிக்க ஒரு சுற்றறிக்கை விட்டார். இனிமேல் விடுப்புக் கடிதங்கள் ஆங்கிலத்தில் மட்டுமே ஏற்றுக்கொள்ளப்படும். நடைமுறைப்படுத்தும் பொறுப்பு என்னிடம் வந்தது. அன்றைக்கே ஒரு மாதிரிக் கடிதத்தைக் கரும்பலகையில் எழுதினேன். ‘ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்’ என்று தொடங்கி, விடுப்பு தரும்படி தாழ்மையுடன் வேண்டி, ‘யுவர்ஸ் ஒபீடியன்ட்லி’ என்று முடியும் ஆறே வரிகள். ஒரே வாரத்தில் ஆறு, ஏழு, எட்டு ஆகிய மூன்று வகுப்புகளும் அதைப் பார்க்காமல் எழுதின. கண்ணை மூடிக்கொண்டு எழுதியவர்களும் உண்டு.

அன்று முதல் எங்கள் ஊரில் காய்ச்சலைத் தவிர வேறு எதுவுமே நடக்கவில்லை. காதுகுத்துக்குப் போனவனுக்குக் காய்ச்சல். நத்தத்தில் மாமன் தோப்புக்கு மாங்காய் பறிக்கப் போனவளுக்குக் காய்ச்சல். அப்பாவோடு தக்காளி வண்டியில் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போய், நாலு பரோட்டா தின்றுவிட்டு வந்தவனுக்கும் காய்ச்சல். ஆனால் ஒழுக்கமான காய்ச்சல். திங்கட்கிழமையே கடிதம் கொடுத்து, வியாழனும் வெள்ளியும் தனக்குக் காய்ச்சல் வரப்போவதற்கு முன் அனுமதி பெற்றுக்கொள்வார்கள். அடுத்த திங்களன்று மணியடிக்கும்போது தெம்பாக வந்து உட்கார்ந்துவிடுவார்கள். இப்படி ஒரு கட்டுப்பாட்டை எந்த நாட்டு மருத்துவத்திலும் பார்க்க முடியாது.

ஒரே ஒரு முறைதான் ஒழுங்கு கெட்டது. 2002-ஆம் ஆண்டு, அப்போது ஆறாம் வகுப்பில் இருந்த ஆண்டிச்சாமி என்ற பையன், வெங்காயம் பிடுங்கப் போவதாகச் சொந்த ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தான். ‘ஆனியன் டேக்கிங். மதர் கோ. ஐ ஆல்சோ கோ’ என்று மூன்று வாக்கியங்கள். படித்தவுடன் புரிந்துவிட்டது. அதுதான் அதிலிருந்த கோளாறு. சிவப்பு மையால் குறுக்கே ஒரு கோடு போட்டேன்.

"ஏன் சார், தப்பா?" என்றான்.

"தப்போ சரியோ, இப்படி ஒரு மாதிரிக் கடிதம் கெடையாதுலே."

"நாங்க வெங்காயம் புடுங்கத்தான சார் போறோம்?"

"போ, யாரு வேணாம்னா? வெங்காயத்துக்குப் போனாலும் சரி, கல்யாணத்துக்குப் போனாலும் சரி, பேப்பர்ல ஃபீவர்தான் இருக்கணும்."

அவன் மறுபடியும் எழுதிக் கொடுத்துவிட்டு முறைப்படி காய்ச்சலில் போனான்.

இத்தகைய சேவைகளை அரசாங்கம் எத்தனை நாள் கவனிக்காமல் இருக்கும்? 2003-ஆம் ஆண்டு, நல்லாசிரியர் விருதுக்கு என் பெயர் பரிசீலனைக்கு வந்தது. வந்தது என்றால், நானே எழுதி அனுப்பினேன். பிப்ரவரி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, உதவித் தொடக்கக் கல்வி அலுவலர் பிராங்க்ளின் என் வகுப்பைப் பார்வையிட வருவதாகத் தகவல் வந்தது. அவருக்குப் பிடித்துப்போனால் கோப்பு மேலே போகும். பிடிக்காவிட்டால் அங்கேயே கிடக்கும். விருது வாங்கும்போது போட்டுக்கொள்ள வெள்ளைச் சட்டை ஒன்று தைக்கக் கொடுத்திருந்தேன் என்பதை மட்டும் இங்கே சொல்லி வைக்கிறேன்.

அன்றைய பாடத்துக்குப் பனிப்பொழிவைப் பற்றிய ஓர் ஆங்கிலப் பாட்டைத் தேர்ந்தெடுத்தேன். எங்கள் ஊரில் பனி என்பது மார்கழியில் மூக்கு ஒழுகுவதற்கான ஓர் ஏற்பாடு. பிள்ளைகள் கண்டதையும் கேட்டதையும் அவர்களுக்கே சொல்லிக்கொடுப்பது இலக்கியமாகாது என்பது என் கருத்து. பாட்டை ஒப்பிக்க மணிமேகலையைத் தேர்ந்தெடுத்தேன். வகுப்பில் முதல் மாணவி. இருபது வரிகளையும் இரண்டே நாளில் மனப்பாடம் செய்தாள். அர்த்தம் கேட்டு என்னைச் சங்கடப்படுத்தாத நல்ல பண்பும் அவளிடம் இருந்தது.

அந்த வாரம் பார்த்து வெங்காய அறுவடை வந்து சேர்ந்தது. திங்கள் முதல் வியாழன் வரை, ஏழாம் வகுப்பின் நாற்பத்து மூன்று பேரில் நாற்பத்தோரு பேருக்கு முறைப்படி காய்ச்சல். மளிகைக் கடைக்காரர் மகன் விக்னேஷ்குமாரும், பாட்டு ஒத்திகைக்காக மணிமேகலையும் மட்டும் வந்தார்கள். நான் காடு காடாக ஏறி இறங்கி, "ஏலே, வெள்ளிக்கிழம மட்டும் ஒருத்தருக்கும் காய்ச்சல் இருக்கக் கூடாது" என்று ஆணையிட்டுவிட்டு வந்தேன். எல்லோரும் குணமாகிவிடுவதாக ஒப்புக்கொண்டார்கள்.

வெள்ளிக்கிழமை காலை மணியடிப்பதற்கு முன்பே மணிமேகலையின் தாய் அய்யம்மாள், மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள்.

"சார், புள்ளைக்கு நேத்துலருந்து மேலு காயுது. இன்னைக்கு ஒரு நா விட்டுருங்க சார்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏழாண்டு அனுபவம் பொய்க்குமா?

"எத்தனை ஏக்கர்மா?" என்றேன்.

"என்னது சார்?"

"வெங்காயந்தான்."

"எங்களுக்கு ஏது சார் காடு? நாங்க கூலிக்குப் போறவுக."

"சரி, யாரு காட்டுல கூலி?"

"அய்யோ சார், நெசமாவே காய்ச்சலு சார். நெத்தியத் தொட்டுப் பாருங்க."

"லெட்டர் எங்க?"

"எனக்கு எங்குட்டு எழுதத் தெரியும்? அதான் வாயால சொல்றேன்ல."

தாய்மொழியில், அதுவும் வாய்மொழியாகச் சொல்லப்படும் காய்ச்சலை ஏற்றுக்கொள்ள விதிகளில் இடமில்லை என்பதைப் பொறுமையாக எடுத்துச் சொன்னேன். தவிர, கல்வி அலுவலர் வருகிற நாளில் பாட்டுச் சொல்கிற பிள்ளை வீட்டுக்குப் போனால் என் விருது என்ன ஆவது? இந்த இரண்டாவது காரணத்தை நான் சொல்லவில்லை. அய்யம்மாள் மகளின் முகத்தைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். "மத்தியானமாச்சும் அனுப்பிருங்க சார்" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனாள்.

பத்து மணிக்குப் பிராங்க்ளின் வந்தார். வகுப்பே எழுந்து நின்று வணங்கியது. அவர் பிள்ளைகளை உற்றுப் பார்த்தார். நாலு நாள் வெங்காயத் தாள் அரிந்து அரிந்து, நாற்பத்தோரு ஜோடிக் கண்களும் சிவந்திருந்தன.

"என்ன சார், எல்லார் கண்ணும் செவந்து கெடக்கு?"

"வீட்டுல ராப்பகலாப் படிப்பு சார். சொன்னாக் கேக்குறதில்ல."

அவர் முகத்தில் மரியாதை தெரிந்தது. நான் மணிமேகலையை எழுப்பினேன்.

அவள் வந்து முன்னால் நின்றாள். பாட்டைத் தொடங்கினாள். என்ன சொல்வது! முதல் வரியிலேயே குரல் நடுங்கியது. இரண்டாம் வரியில் கை நடுங்கியது. பனி கூரையை மூடுகிற இடம் வந்தபோது பற்கள் கிடுகிடுவென்று தந்தியடித்தன. இரண்டு கைகளாலும் தன்னைத் தானே கட்டிக்கொண்டு, கண்கள் பாதி மூட, இருபது வரிகளையும் சொல்லி முடித்தாள். பிராங்க்ளின் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார்.

"பிரமாதம்! பனியக் கண்ணால பாத்திராத புள்ள, குளிர்ல நடுங்குற மாதிரியே சொல்லுது பாருங்க! யாரு சார் ஆக்‌ஷன் சொல்லிக் குடுத்தது?"

"நான்தான் சார்" என்று தலைகுனிந்தேன்.

மணிமேகலை போய்ப் பெஞ்சில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். பெரிய கலைஞர்களுக்கு நிகழ்ச்சி முடிந்ததும் அப்படி ஒரு களைப்பு வரும் என்று அலுவலருக்கு விளக்கினேன். விருது பாதித்தூரம் நடந்து வந்துவிட்டது என்று எனக்குத் தோன்றியது. மீதித்தூரத்தையும் நடத்திக்கொடுக்கும் நல்லெண்ணத்தில் மிக்கேல்ராஜ் ஒரு கோப்பைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்.

"சார், எங்க பிள்ளைங்களோட ஆங்கிலப் பயன்பாட்டுக் கோப்பு. இந்த வாரம் மட்டும் நாப்பத்தோரு கடிதம். ஒரு பிழை கெடையாது."

பிராங்க்ளின் முதல் கடிதத்தைப் படித்துவிட்டு "குட்" என்றார். இரண்டாவதற்கும் "குட்" என்றார். ஐந்தாவது கடிதத்தில் வாய் மூடியது. பதினைந்தாவது கடிதத்தில் கைக்குட்டையை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"ஒரே வகுப்புல நாப்பத்தோரு பேருக்குக் காய்ச்சலா? நாலே நாள்லயா? கண்ணு வேற செவந்து கெடக்கு! சுகாதாரத்துக்குச் சொன்னீங்களா, இல்லியா?"

"இது அந்த மாதிரிக் காய்ச்சல் இல்ல சார்" என்றார் மிக்கேல்ராஜ்.

"வேற எந்த மாதிரி?"

மிக்கேல்ராஜ் என்னைப் பார்த்தார். உண்மையைச் சொன்னால் விருது போய்விடும். சொல்லாவிட்டால் பிள்ளைகளுக்கு ஊசி. ஆசிரியப் பணி என்பது இப்படிப்பட்ட கடினமான முடிவுகள் நிறைந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. பிராங்க்ளின் தலைமையாசிரியர் அறைக்குப் போய் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போன் போட்டார்.

செத்த நேரத்தில் ஜீப் வந்தது. நர்ஸ் ஜெஸ்ஸியும் மலேரியா ஊழியர் கருப்பணனும் இறங்கினார்கள். கோப்பையே பெயர்ப்பட்டியலாக வைத்துக்கொண்டு வேலை தொடங்கியது. ஜெஸ்ஸி ஒவ்வொருவர் அக்குளிலும் தெர்மாமீட்டரை வைக்க, கருப்பணன் விரலில் குத்தி ரத்தம் எடுத்துக் கண்ணாடித் துண்டில் தடவி, குத்திய இடத்தில் பஞ்சை ஒட்டி அனுப்பினார். வகுப்பு அலறியது.

"எனக்கு ஒண்ணுமில்லண்ணே! வெங்காயம்ணே! வெங்காயம்!" என்று துள்ளினான் ஆண்டிச்சாமி.

"சிஸ்டர், இவனும் வெங்காயம்னுதான் பெனாத்துறான்" என்றார் கருப்பணன் கவலையோடு. "காய்ச்சலு மூளைக்கு ஏறிருச்சோ?"

"இருக்கும்ணே. நல்லா அமுக்கிப் பிடிங்க."

நாற்பத்தோரு பேருக்கும் பார்த்து முடித்தபோது ஜெஸ்ஸி குழம்பிப்போயிருந்தார். "சார், ஒருத்தருக்கும் காய்ச்சல் இல்ல. அம்புட்டுப் பேரும் குத்துக்கல்லாட்டம் இருக்காங்க" என்றார். எனக்கு மூச்சு வந்தது. "எல்லாரும் குணமாயிட்டாங்க சார். ஆங்கிலப் பாட்டுக் கேட்டதுல ஒரு தெம்பு" என்று தொடங்கினேன்.

அப்போதுதான் ஜெஸ்ஸியின் பார்வை, பெஞ்சில் தலைசாய்த்துக் கிடந்த மணிமேகலை மேல் விழுந்தது.

"இந்தப் புள்ளைக்கு?"

"அவ பேரு பட்டியல்ல இல்லம்மா. லெட்டர் குடுக்கல" என்றார் மிக்கேல்ராஜ்.

ஜெஸ்ஸி போய் நெற்றியில் கை வைத்தார். வைத்த வேகத்தில் எடுத்தார். தெர்மாமீட்டர் நூற்று மூன்று காட்டியது. அய்யம்மாள் காலையில் தொட்டுப் பார்க்கச் சொன்ன நெற்றி அது. எனக்கு உள்ளுக்குள் ஏதோ செய்தது. விருதைப் பற்றிய கவலை என்றுதான் முதலில் நினைத்தேன். அது வெட்கம்.

ஜெஸ்ஸி மாத்திரை கொடுத்து, தண்ணீர் குடிக்கவைத்து, "பயப்படாதம்மா, ரெண்டு நாள்ல சரியாப் போயிரும்" என்று அவளைத் தோளில் சாய்த்துக்கொண்டார். நாற்பத்தோரு பேரிடம் தேடியும் கிடைக்காத காய்ச்சலை, கடிதம் கொடுக்காத ஒரு பிள்ளையிடம் கண்டுபிடித்த ஆச்சரியத்தில் பிராங்க்ளின் குனிந்து கேட்டார்:

"ஏம்மா, இம்புட்டுக் காய்ச்சல வச்சுக்கிட்டு ஏன் வந்த? ஒரு லீவு லெட்டர் எழுதிக் குடுத்திருக்கலாம்ல?"

மணிமேகலை கண்ணைத் திறந்தாள். வகுப்பின் முதல் மாணவி அல்லவா, பதில் தெளிவாக வந்தது.

"அது வெங்காயம் புடுங்கப் போறவுக எழுதுற லெட்டர் சார். நெசமாவே காய்ச்சல் வந்தா என்ன எழுதணும்னு இன்னும் நடத்தல."

பிராங்க்ளின் மெதுவாக நிமிர்ந்தார். கோப்பைப் பார்த்தார். வகுப்பைப் பார்த்தார்.

"இத உங்களுக்கு இப்படிச் சொல்லிக் குடுத்தது யாரு?"

என் ஆசிரிய வாழ்க்கையில், கேட்ட ஒரு கேள்விக்கு வகுப்பு முழுவதும் ஒரே நேரத்தில், பிழையே இல்லாமல் விடை சொன்னது அன்று ஒரு நாள்தான். பஞ்சு ஒட்டிய நாற்பத்தோரு விரல்களும் என்னைச் சுட்டிக்காட்டின.