குகனை யாரும் எடுக்கக்கூடாது

நான் ஒரு சந்தேகப் பிராணி. யாராவது என்னைப் பார்த்துச் சிரித்தால், இவருக்கு என்ன தேவையோ என்றுதான் முதலில் யோசிப்பேன். சுப்பர்மார்க்கெட்டில் ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று போட்டிருந்தால், அந்த இலவசத்தை மட்டும் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். (இது ஒரு வியாதி என்கிறாள் என் மனைவி. அவள் ஏன் அப்படிச் சொல்கிறாள் என்பதிலும் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.) இப்படிப்பட்ட நான், இளவயதில் ஒரு தடவை தப்பான ஆளைத் தப்பான காரணத்துக்காகச் சந்தேகித்து, ஒரு கல்யாணத்தையே கவிழ்க்கப் பார்த்தேன்.

அப்போது நான் டென்மார்க்கில் வைலே என்ற ஊரில் ஒரு களஞ்சியத்தில் வேலை செய்துகொண்டிருந்தேன். பின்னேரங்களில் ஊர் அமெரிக்கக் கால்பந்துக் கழகத்தில் விசிலும் கையுமாக நின்று பெடியளுக்குப் பயிற்சி கொடுப்பேன். முட்டை வடிவப் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டு அதற்குக் கால்பந்து என்று பெயர் வைத்திருக்கிறார்களே, அந்த விளையாட்டு. இதில் டிபென்சிவ் எண்ட் என்று ஒருவன் இருப்பான். வரிசையின் ஓரத்தில் குனிந்து நின்று, பந்தை எறியப் போகிறவனைப் பாய்ந்து பிடித்து நிலத்தில் விழுத்துவது அவன் வேலை. அமெரிக்கக் கல்லூரிகளில் விளையாடும் எண்டுகளில் யார் தொழில்முறை அணிக்குத் தேறுவான், யார் தேறமாட்டான் என்று வீடியோக்களைப் பார்த்துத் தரம் பிரித்து, ஒரு டெனிஷ் இணையக் குழுவில் எழுதுவதுதான் என் பொழுதுபோக்கு.

எனக்கென்றே செய்து வைத்த வேலை அது. அதில் ஒருவரையும் நம்பக்கூடாது. ஒருவன் பத்துப் பேரை விழுத்தினான் என்றால், அந்தப் பத்துப் பேருக்குக் காவல் நின்றவர்கள் யார், ஆட்டம் முடியும் நேரத்தில் களைத்துப் போயிருந்தார்களா என்று பார்க்கவேண்டும். கையால் எதிராளியைத் தட்டி விலத்துகிறானா, வெறும் உடம்பால் முட்டுகிறானா? பந்து தன் பக்கம் வராதபோது நடக்கிறானா, ஓடுகிறானா? பரிசோதனை நாளில் அரைக்காற்சட்டையோடு வேகமாக ஓடுகிற எல்லாரும் சிங்கங்கள்தான். நான் ஒருத்தனுக்கும் நல்ல வார்த்தை எழுதியதில்லை, ஒருவனைத் தவிர.

அந்த ஒருவன் குகன், என் சின்னம்மாவின் மகன். உயர்தர வகுப்பில் ஒரு வருடம் மாணவர் பரிமாற்றத்தில் அமெரிக்கா போனவன், அங்கே இந்த விளையாட்டில் பிடிபட்டு, திரும்பி வந்து எங்கள் கழகத்திலும் ஆடி, பிறகு அங்கேயே ஒரு சின்னக் கல்லூரியில் புலமைப்பரிசிலும் பெற்று டிபென்சிவ் எண்ட் ஆகிவிட்டான். எங்கள் சாதிசனத்தில் அந்த உயரமும் அகலமும் எங்கிருந்து வந்தன என்று சின்னம்மாவுக்கே சந்தேகம். அந்த வசந்தத்தில் அவனுக்குக் கடைசி வருடம். ட்ராப்ட் வரப்போகிறது. அதாவது, தொழில்முறை அணிகள் முறை வைத்து ஒவ்வொருவராகக் கல்லூரிப் பெடியளை எடுத்துக்கொள்ளும் நாள். எடுக்கப்பட்டவன் எடுத்த அணிக்குத்தான் போகவேண்டும். ஒருவரும் எடுக்காவிட்டால், கூப்பிடுகிற அணிகளில் விருப்பமானதைத் தெரிவு செய்யலாம்.

நல்ல அணி ஒன்று குகனுடன் கதைத்திருந்தது. ஆனால் வருடா வருடம் தோற்கிற இன்னோர் அணி அவனைக் கடைசியில் எடுத்துவிடுமோ என்பது என் பயம். (பயம் எனக்கு மட்டும்தான். குகன் நிம்மதியாக நித்திரை கொண்டான்.) ட்ராப்டுக்கு முன்னால் அணிகள் உளவு பார்க்கும், ஆள் வைத்து விசாரிக்கும், பொய் பரப்பும் என்றெல்லாம் வாசித்திருந்தேன். ஆகவே எச்சரிக்கையாக இருந்தேன்.

இலங்கையில் போர் முடிகிற காலம் அது. எங்கள் வீடுகளில் தொலைக்காட்சியும் தொலைபேசியும் ஓயவில்லை. வன்னிக்குள் அகப்பட்டவர்களின் பெயர்களைச் சொல்லிச் சொல்லி அழுகிற நாட்கள். தெரியாத தமிழர் ஒருவர் வந்து எதையாவது கேட்டால், இவர் எந்தப் பக்கத்து ஆள், என்னத்துக்குக் கேட்கிறார் என்று எல்லோருமே யோசித்தார்கள். என்னைப் போன்றவனுக்குச் சொல்லவா வேண்டும்!

அப்போதுதான் மைதான வேலியோரம் கறுப்பு ஜாக்கெட் போட்ட ஒரு தமிழர் வந்து நிற்கத் தொடங்கினார். அடுத்த கிழமையும் வந்தார். மழையிலும் நின்றார். ஒருநாள் கிட்ட வந்தார்.

"தம்பி தமிழோ?" என்று தமிழில் கேட்டார்.

"ஓம்."

"இஞ்சை குகன் எண்டு ஒரு பெடியன் விளையாடினவனாம். இப்ப அமெரிக்காவிலையாம். தெரியுமோ?"

"ஏன் கேக்கிறியள்?"

"சும்மா."

சும்மா கேட்பதற்கு எந்த விசரன் மழையில் நிற்பான்? எனக்குப் பொறி தட்டியது. தோற்கிற அணி ஆள் அனுப்பிவிட்டது! அதுவும் எங்களுக்குச் சந்தேகம் வராதபடி ஒரு தமிழரையே பிடித்து அனுப்பியிருக்கிறது! உறவைக் காட்டிக்கொள்ளாமல், "கழகத்தாலை தெரியும்" என்றேன்.

அவர் கேள்விகளை அடுக்கத் தொடங்கினார். உயரம் என்ன, நோய் நொடி உண்டா, படிப்பு முடியுமா, பிற்பாடு என்ன வருமானம் வரும். எல்லாமே அணிகள் கேட்கிற கேள்விகள். குகனின் தகப்பன் எதனால் காலமானார் என்று கேட்டார். பரம்பரை வருத்தத்தை ஆராய்கிறார்கள் என்று விளங்கியது. எந்தக் கோயிலுக்குப் போகிறவர்கள் என்று கேட்டார். அமெரிக்காவில் ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை, சேர்ச்சுக்குப் போகிறவனா என்று பார்க்கிறார்களாக்கும். பிறகு, "தாய் தகப்பன் ஊரிலை எந்த இடம்?" என்றார்.

எனக்கு மயிர் கூச்செறிந்தது. எங்கள் ஊர் புங்குடுதீவு வரைக்கும் போய் ஆராய்கிற அணி ஏன் வருடா வருடம் தோற்கிறது என்பதுதான் விளங்கவில்லை.

நான் என் வேலையைத் தொடங்கினேன்.

"அண்ணை, உங்களுக்கெண்டபடியால் சொல்லுறன். வெளியிலை சொல்லிப்போடாதேங்கோ. அவன்ரை முழங்கால் சரியில்லை. இன்னும் ரெண்டு வருசம் தாங்காது."

"அப்பிடியே?"

"குடியும் இருக்கு."

அவருடைய முகம் வாடியது. அது எனக்கு உற்சாகமாக இருந்தது. "கோவம் வந்தா ஆரெண்டு பாக்கமாட்டான். கையிலை அம்பிட்டதாலை எறிவான். படிப்பும் இழுபறி. அதோடை அமெரிக்காவிலை ஒரு..." என்று இழுத்து, மிச்சத்தை அவருடைய கற்பனைக்கு விட்டேன். (கலைஞனுக்குத் தெரியும் எங்கே நிறுத்துவதென்று.)

அவர் இரண்டு கைகளாலும் என் கையைப் பிடித்தார். "நல்லாயிருப்பீர் தம்பி. நல்ல நேரத்திலை சொன்னீர்" என்றார். கண் கலங்கியிருந்தது. எதிரி அணியின் உளவாளி ஏன் கண் கலங்குகிறான்? சுப்பர்மார்க்கெட்டில் தக்காளியைச் சந்தேகிக்கிற மனிதனுக்கு, அந்த இடத்தில் மட்டும் ஒரு சந்தேகமும் வரவில்லை.

ட்ராப்டில் குகனை ஒருவரும் எடுக்கவில்லை. நான் களஞ்சியத்தில் எல்லோருக்கும் கேக் வாங்கிக் கொடுத்தேன். பிறகு நல்ல அணியின் அழைப்புக்காகக் காத்திருந்தோம். அதுவும் வரவில்லை. அடுத்த மாதம் போர் முடிந்தது. எந்த அணி எவனை எடுத்தது என்பதெல்லாம் எங்கள் வீட்டில் ஒரு விஷயமாகவே இல்லாமல் போயிற்று.

கோடையில் குகன் பெட்டிகளோடு வீட்டுக்கு வந்தான். பாதியாக இளைத்திருந்தான். விளையாட்டுத்தான் காரணம் என்று நினைத்தேன். சின்னம்மாவின் குசினியில், தலையைக் குனிந்துகொண்டு விஷயத்தைச் சொன்னான். கொப்பன்ஹேகனில் நிலானி என்று ஒரு பிள்ளை, உயர்தர வகுப்பில் இருந்தே விருப்பமாம். தகப்பனிடம் சொல்லியிருக்கிறாள். அவர் மறுக்கவில்லை, விசாரித்துப் பார்க்கிறேன் என்றிருக்கிறார். தானே வைலேக்கு வந்து, மைதானத்தில் விசாரித்துவிட்டுப் போய், இனி இந்தக் கதையே வேண்டாம் என்றுவிட்டார்.

"நான் குடிகாரனாம், முழங்கால் இல்லையாம், ஆக்களுக்கு எறியிறனாம். விசில் வச்சிருந்த ஒருத்தன் சொன்னவனாம்" என்றான் குகன்.

"ஆரடா அந்த அறுவான்?" என்று தொடங்கினார் சின்னம்மா. "என்ரை பிள்ளையின்ரை வாழ்க்கையிலை மண் போட்டவன் உருப்படுவானே? அவன்ரை நாக்கு அழுகிப் போகும். கோதாரியிலை போவான்!"

"ஓம் சின்னம்மா" என்றேன்.

"நீயும் அங்கைதானே நிக்கிறனி. உனக்குத் தெரியாமல் ஆர் இருக்கிறது விசிலோடை?"

கழகத்தில் ஒரேயொரு விசில்தான் உண்டு. நான் ஒப்புக்கொண்டேன். குகன் டெனிஷில் ஏதோ சொன்னான், அதை இங்கே எழுத முடியாது. சின்னம்மா அகப்பையைத் தேடினார்.

மறுநாள் மூவரும் காரில் கொப்பன்ஹேகன் போனோம். இடையிலுள்ள கடற்பாலம் கடக்கும்வரை ஒருவரும் என்னோடு கதைக்கவில்லை. கதவைத் திறந்த நிலானியின் தகப்பன், என்னைக் கண்டதும் "தம்பி, நீரோ?" என்று ஆதரவாகக் கையைப் பிடித்தார். அந்தக் கையை அவரே விடும்படி செய்ய எனக்கு அதிக நேரம் எடுக்கவில்லை.

"அண்டைக்கு நான் சொன்னதெல்லாம் பொய் அண்ணை. நான் இவன்ரை பெரியம்மாவின்ரை மகன்."

"அண்டைக்கு ஆரெண்டு சொல்லாமல் பொய் சொன்னீர். இண்டைக்கு ஆரெண்டு சொல்லிப்போட்டு மெய் சொல்லுறீராக்கும்?" என்றார் அவர். சந்தேகத்தில் அவர் எனக்கு அண்ணன்.

நான் ட்ராப்டை விளங்கப்படுத்தினேன். டிபென்சிவ் எண்ட் எப்படி நிற்பான் என்று கம்பளத்தில் குனிந்தும் காட்டினேன்.

"நல்ல பெடியன் எண்டா, ஏன் கூடாதவன் எண்டு சொன்னீர்?"

"இவனை ஒருத்தரும் எடுக்கக்கூடாது எண்டுதான்."

"அதுதான் நானும் எடுக்கேல்லை" என்றார்.

பிறகு அவர் சத்தம் போடாமல் கதைத்தார். "என்ரை தம்பியின்ரை குடும்பம் வன்னிக்குள்ளை. முகாமிலை இருக்கினமோ, இல்லையோ, இன்னும் தெரியாது. அவைக்கு நான் ஒண்டும் செய்ய ஏலேல்லை. இந்த ஒரு பிள்ளையின்ரை விசயத்திலையெண்டாலும் பிழை விடக்கூடாது எண்டுதான் அந்த மழைக்குள்ளை வந்து நிண்டனான். நீர் எனக்குக் கதை விட்டிருக்கிறீர்."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நான் உளவாளி என்று நினைத்த மனிதர் பாவம், பயந்துபோன ஒரு தகப்பன். குசினிக் கதவோரம் நிலானி கண் வீங்கி நின்றாள்.

"இவன் தங்கமான பிள்ளை அண்ணை" என்று தொடங்கினேன்.

"நல்லதை விடும்" என்று கையைக் காட்டி மறித்தார். "நல்லதை ஆரும் சொல்லலாம். மெய்யா இவனிலை என்ன குறை? அதைச் சொல்லும். அப்ப நம்புறனோ எண்டு பாப்பம்."

நான் குகனைப் பார்த்தேன். அவனைப் பற்றி இணையக் குழுவில் நான் எழுதியதெல்லாம் புளுகு. இரத்த பாசம். உண்மையில் என்ன கண்டேன் என்பதை நான் ஒருவருக்கும் சொன்னதில்லை.

"கை கட்டை" என்றேன். "இந்த உயரத்துக்குக் கை இன்னும் நீளமா இருக்கோணும். முதல் அடி பிந்தும். எதிராளி என்ன செய்யப் போறான் எண்டு பாத்துக்கொண்டு நிண்டுபோட்டுத்தான் வெளிக்கிடுவான். அடிக்க இடம் கிடைச்சாலும் அடிக்கமாட்டான், பிடிச்சு மெல்ல இருத்துவான். விழுத்தினவனுக்குக் கை குடுத்துத் தூக்கிவிடுவான், அதுக்குள்ளை அடுத்த ஆட்டம் துவங்கியிடும். ஒருக்கால் எதிராளிக்குக் கால் பிரண்டு போச்சு. இவன் பந்தை விட்டிட்டு அவனுக்குப் பக்கத்திலை குந்தியிருந்தவன். அண்டைக்கு இவையள் தோத்தவை. இந்தக் குணத்தோடை தொழிலிலை ஒரு நாளும் எடுபடமாட்டான். எந்த அணியும் இவனை எடுக்காது எண்டு உள்ளுக்குள்ளை எனக்குத் தெரியும், ஒப்புக்கொள்ளத்தான் மனம் வரேல்லை."

குகன் என்னைப் பார்க்காமல் கேட்டான்.

"அண்ணை, உங்களுக்கு இது எப்ப தெரியும்?"

"போன வருசமே."

அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. அவ்வளவு பெரிய உடம்பு கதிரையில் சுருங்கியதை நான் அன்றுதான் கண்டேன். அவனுடைய கனவை நான்தான் கடைசியாக உடைத்தேன், அதுவும் பெண் வீட்டாருக்கு முன்னால்.

நிலானியின் தகப்பன் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். "தம்பி, அந்தக் கால் பிரண்ட பெடியன் பிறகு சுகமாயிட்டானோ?" என்று கேட்டார்.

"ஓம் அங்கிள். இப்பவும் கதைக்கிறவன்."

அவர் எழுந்து வந்து குகனுக்குப் பக்கத்தில் இருந்தார். "பிள்ளை, தேத்தண்ணி போடு" என்று உள்ளே பார்த்துச் சொன்னார். சின்னம்மா அழத் தொடங்கினார்.

அடுத்த வருடம் கல்யாணம் நடந்தது. குகன் இப்போது ஒரு பாடசாலையில் உடற்பயிற்சி ஆசிரியன். அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் யாருக்குச் சம்பந்தம் பேசினாலும், என்னைக் கூப்பிட்டு நடு வீட்டில் இருத்தி, "நல்லதை விடும், குறையைச் சொல்லும்" என்று எல்லோரும் ஒரே குரலில் கத்துவார்கள். எனக்குப் பெண் பேசியபோது விசாரிக்க வந்தவர்கள் நேரே குகனிடம் போனார்கள். அவனும் அதே முறையைக் கையாண்டான். குறைகளைச் சொல்லி முடிக்க இரண்டு தேத்தண்ணி பிடித்ததாம். பெண் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத்தான் என்னைக் கட்டினாள். அந்த மதிப்பீட்டில் பிழை ஏதும் உண்டா என்று அவளிடம் ஒருநாள் கேட்டேன்.

"குகன் பாவம், சொந்தமெண்டு கனக்கக் குறைச்சுத்தான் சொல்லியிருக்கிறார்" என்றாள்.