சென்சாருக்குப் பொட்டு வைத்த கதை

எங்கள் சொந்தத்தில் எந்த விசேஷமானாலும் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு கதை கட்டாயம் உண்டு: அம்மா கார் சென்சாருக்குப் பொட்டு வைத்த கதை. எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். அந்தக் கதை பொய். பொய்யென்று தெரிந்த ஒரே ஆள் நான்தான் என்று போன மாதம் வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் பெங்களூர் வைட்ஃபீல்டில் கம்ப்யூட்டர் தட்டிப் பிழைக்கிறவன். ஸ்க்ரூ டிரைவரை எந்தப் பக்கம் திருப்பினால் கழலும் என்பதில் எனக்கு இன்றைக்கும் லேசான சந்தேகம் உண்டு. ஆனால் அப்போது என் பழைய கார் சிக்னலுக்கு சிக்னல் உதறிக்கொண்டிருந்தது. 'பத்தே நிமிடத்தில் நீங்களே சரிசெய்யலாம்' என்று ஒரு வீடியோ சொன்னது. அந்த 'நீங்களே' என்னைத்தான் சொல்கிறது என்று நம்பிவிட்டேன்.

விஷயம் இதுதான். எஞ்சினுக்குள் எவ்வளவு காற்று போகிறது என்று அளந்து சொல்ல ஒரு சின்ன பிளாஸ்டிக் சென்சார் இருக்கிறது. ஏர் ஃபில்டரை அடுத்த குழாயில் இரண்டே திருகில் உட்கார்ந்திருக்கும். உள்ளே தலைமுடியைவிட மெல்லிய கம்பி. அதில் தூசி படிந்தால் வண்டி உதறும். கழற்றி, அதற்கென்று விற்கிற ஸ்ப்ரேயை அடித்து, காயவிட்டு மாட்ட வேண்டும். கம்பியை எதைக் கொண்டும் தொடவே கூடாது. (இதை வீடியோவில் மூன்று தடவை சொன்னார்கள். மூன்று தடவையும் நான் தலையாட்டினேன்.)

லீவு நாளாயிற்றே என்று ஆயுத பூஜையன்று காலையில் வேலையை ஆரம்பித்தேன். அதைவிட மோசமான நாளை ஜோசியரைக் கேட்டுக்கூடக் குறித்திருக்க முடியாது. ஸ்ப்ரே அடித்த சென்சாரை ஹாலில் பேப்பர் விரித்துக் காயவைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். அதே ஹாலில்தான் அம்மா அரிவாள்மணை, கத்தரிக்கோல், மிக்ஸி, என் லேப்டாப், ஸ்க்ரூ டிரைவர் எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கியிருந்தாள். தலையைத் துவட்டிக்கொண்டு வந்து பார்த்தால் சென்சார் நெற்றி நிறையச் சந்தனம், குங்குமத்தோடு மங்களகரமாகக் கிடக்கிறது. மேலே ஒரு சாமந்திப் பூ வேறு.

"என்னம்மா பண்ணி வச்சிருக்க!"

"எல்லாத்துக்கும் வச்சேன்டா. இது மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?"

தூக்கிப் பார்த்தேன். குங்குமம் உள்ளே உதிர்ந்திருந்தது. "எதைத் தொடணும், எதைத் தொடக்கூடாதுன்னு ஒரு விவஸ்தை வேணாமா?" என்று கத்தினேன். அம்மாவின் முகம் சுருங்கிப்போயிற்று. மறுபடி ஸ்ப்ரே அடித்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். நானோ காது குடைகிற பஞ்சுக் குச்சியை எடுத்து, உள்ளே விட்டு, நன்றாக ஒரு சுற்றுச் சுற்றினேன். குச்சி எதிலோ மாட்டி விடுபட்டது. பஞ்சில் குங்குமம் வந்துவிட்டதே என்ற திருப்தியில் கொண்டுபோய் மாட்டினேன். வண்டி முன்னைவிட அதிகமாக உதறியது. புதிதாகக் குளித்திருக்கிறது, பழகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, பூசணிக்காயை உடைத்து, பூஜையையும் முடித்தோம்.

பதினோரு மணிக்கு கிருஷ்ணகிரியிலிருந்து போன் வந்தது. மாமா போய்விட்டார். அம்மாவுக்கு ஒரே அண்ணன். காலையில் டிபன் சாப்பிட்டுக்கொண்டே சாய்ந்துவிட்டாராம். பிள்ளைகள் எல்லாம் ஊரிலேயே இருந்ததால் மூன்று மணிக்கு எடுத்துவிடுவார்கள்.

அம்மா அழவில்லை. புடவையை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள். "பஸ்ஸுல போயிடலாம்டா. அந்த வண்டி உதறுதே."

"பஸ்ஸெல்லாம் எதுக்கும்மா? ரெண்டரை மணி நேரத்துல மாமா வீட்டு வாசல்ல நிறுத்துறேன் பாரு."

என் வாழ்க்கையில் ஒரே ஒரு வாக்கியத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்றால் அதைத்தான் எடுத்துக்கொள்வேன்.

சில்க் போர்டு சிக்னலில் வண்டி இரண்டு தடவை நின்றது. சந்தாபுரா தாண்டியதும் ஒரேயடியாக நின்றுவிட்டது. மணி ஒன்று. வருகிற பஸ்ஸெல்லாம் பிதுங்கிக்கொண்டு நிற்காமல் போயின. ஒர்க் ஷாப்பெல்லாம் பூட்டு. வெயிலில் நடந்து நடந்து கடைசியில் திறந்திருந்த ஒரு கடையைக் கண்டுபிடித்தேன். ஸ்பானர்கள் எல்லாம் பலகையில் மாலை போட்டுக்கொண்டு ஓய்வெடுத்துக்கொண்டிருந்தன.

"இவத்து டூல்ஸ் முட்டல்லா சார்" என்றார் மெக்கானிக். பூஜையில் வைத்த சாமானை இன்றைக்குத் தொட மாட்டாராம். நான் கன்னடத்திலும் இங்கிலீஷிலும் கெஞ்சியது எடுபடவில்லை. பின்னாலேயே நடந்து வந்திருந்த அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள்.

"தம்பி, எங்க அண்ணன் முகத்தைப் பாக்கணும்பா. மூணு மணிக்கு எடுத்துடுவாங்க."

அவர் வெறுங்கையோடு கிளம்பி வந்தார். என் ஸ்க்ரூ டிரைவரால்தான் (அதிலும் பொட்டு) சென்சாரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கம்பி அறுந்திருந்தது. யார் கைவைத்தது என்று கன்னடத்தில் கேட்டார்.

"எங்க அம்மா குங்குமம் வச்சிட்டாங்க" என்று நானும் கன்னடத்திலேயே சொன்னேன். ஆமாம், சொன்னேன். பத்தடி தள்ளி அம்மா நின்றிருந்தாள்.

"குங்குமா வயர் கட் மாடுத்தா சார்?" குங்குமம் கம்பியை அறுக்குமா என்று சிரித்தார் அவர். யாரோ உள்ளே குச்சி விட்டுக் குடைந்திருக்கிறார்கள் என்றார். பிறகு சென்சாரை மாட்டி, அதன் ஒயரை மட்டும் பிடுங்கித் தொங்கவிட்டார். வண்டி கிளம்பிவிட்டது! சென்சாரே இல்லையென்றால் வண்டி ஏதோ ஒரு கணக்கில் மெதுவாக ஓடுமாம். இரண்டு நிமிட வேலை. அதற்குள் மணி இரண்டரை.

மாமா வீட்டுத் தெருவில் திரும்பும்போது நாலு ஆகிவிட்டது. தெருவெல்லாம் பூ சிதறிக் கிடந்தது. வீட்டைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். எங்கள் பக்கம் பெண்கள் சுடுகாட்டுக்குப் போகும் வழக்கமில்லை. அம்மா ஈர வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். "கடைசியா முகத்தைக்கூடப் பாக்கலையே" என்று அத்தை கட்டிக்கொண்டு அழ, அப்போதுதான் அம்மாவும் அழுதாள்.

ஏன் இவ்வளவு நேரம் என்று யாரோ கேட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா சொன்னாள்: "எல்லாம் என்னாலதான். இவன் வண்டி சாமானைக் கழுவி வச்சிருந்தான். நான் அதுக்குப் போய்ப் பொட்டு வச்சேன், கெட்டுப்போச்சு." ஒரு பெண் அடக்கமாட்டாமல் சிரித்துவிட்டாள். அழுதுகொண்டிருந்தவர்கள்கூடச் சிரித்தார்கள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதற்குப் பிறகு ஆறு வருஷமும் அப்படியேதான் நின்றேன்.

போன மாதம் ஆயுத பூஜைக்கு அம்மா வழக்கம்போலக் குங்குமச் சிமிழோடு வந்து, "இதுக்கு வைக்கலாமாடா?" என்று மிக்ஸியைக் காட்டினாள். எங்கள் வீட்டு வருஷாந்திர நகைச்சுவை அது. எனக்குத் தாங்கவில்லை.

"அம்மா, அன்னிக்கு வண்டி நின்னது உன் பொட்டால இல்லம்மா. நான்தான் குச்சியை விட்டுக் குடைஞ்சேன்."

"தெரியும்" என்றாள், மிக்ஸிக்குப் பொட்டு வைத்துக்கொண்டே. "அந்த மெக்கானிக்தான் சொன்னானே. அதுக்கு முன்னாடி நாலு வருஷமா காய்கறிக்காரிகிட்ட நான் எந்த பாஷையில பேரம் பேசிட்டிருந்தேன்னு நினைச்ச?"

"அப்புறம் ஏம்மா நீ..."

"உன்னாலன்னு சொல்லியிருந்தா சாவு வீட்டுல உன்னைச் சும்மா விட்டிருப்பாங்களா? காலம் பூரா பேசியிருப்பாங்க. நான்னா சிரிச்சிட்டு விட்டுடுவாங்க." ஒரு சாமந்திப் பூவை எடுத்து மிக்ஸி மேல் வைத்தாள். "அவன்கிட்டக்கூட என்னைத்தானே சொன்ன நீ. சரி, கார் சாவியைக் கொண்டா."

அடுத்த வாரம் ஒரு வளைகாப்பு. சாப்பிட்டு முடித்ததும், "அந்த சென்சார் கதையைச் சொல்லுங்க பெரியம்மா" என்று ஆரம்பித்துவிட்டார்கள். இன்றைக்காவது உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நான் எழுந்தேன். "நீ உக்காருடா, உனக்குச் சரியாச் சொல்லத் தெரியாது" என்றாள் அம்மா. முதலிலிருந்து, ஒன்று விடாமல், எல்லாப் பழியையும் தன் மேலேயே போட்டுக்கொண்டு சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். நான் இந்தத் தடவை உட்கார்ந்துகொண்டு தரையைப் பார்த்தேன்.