நடுக்கத்துக்கு வாங்கிய துவக்கு

லண்டன் முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும், கை நடுக்கத்துக்கு மருந்தாகத் துவக்கு வாங்கிய ஆள் ஒருவர்தான் அகப்படுவார். அவர் பிளேஸ்டோவில், நான் வாடகைக்கு இருந்த வீட்டின் கீழ்த்தட்டில் மனைவியோடு இருந்தார். பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். எங்கள் தெருவுக்கு அவர் துவக்கு அண்ணை.

அண்ணை பஸ் ஓட்டுபவர். ஒரு நாள் வலது கை தன்பாட்டில் ஆடத் தொடங்கியது. டொக்டரிடம் போனால் லைசென்ஸ் போய்விடும் என்று பயந்தார். பஸ்ஸை விட்டால் தனக்கு என்ன இருக்கிறது என்று அவருக்கே தெரியாது. நான் அக்கா என்று கூப்பிடும் அவர் மனைவியிடம்கூட மூச்சு விடவில்லை. கையில் தேத்தண்ணீர் தளம்பியதை நான் கண்டுவிட்டபடியால் எனக்கு மட்டும் சொன்னார்.

குறி பார்த்துச் சுடப் பழகினால் கை நடுங்காது என்று எந்த வீடியோவிலோ பார்த்திருக்கிறார். பிளாஸ்டிக் குண்டு சுடும் விளையாட்டு ரைபிள் ஒன்று வந்து இறங்கியது. இந்த விளையாட்டுக்கான கிளப்பில் பதியாதவர்களுக்குப் பளிச்சென்ற நிறத்தில்தான் விற்பார்களாம். அண்ணையுடையது கடும் நீலம்.

“உதைக் கறுப்பிலை வாங்கியிருந்தாலும் ஒரு மரியாதை இருந்திருக்கும்,” என்றார் அக்கா.

ஒரு சனிக்கிழமை முழுக்க அண்ணை அதன் குடலை உருவினார். குழலுக்குள் விரலளவு லேசர் ஒன்றைச் செருகி, ஆடாமல் இருக்க டேப் சுற்றினார். விசையை இழுத்தால் லேசர் ஒரு தடவை மின்னும். சுவரில் ஒட்டிய கறுப்பு வட்டத்தில் அது எங்கே பட்டது என்று எதிரே நிறுத்திய போன் காட்டும். குண்டும் இல்லை, வெடிச்சத்தமும் இல்லை. சத்தமெல்லாம் அண்ணையும் அக்காவும்தான்.

“இஞ்சாரும், குக்கரை நிப்பாட்டும்! விசிலடிச்சா குறி தப்புது.”

“அப்ப சோறு வேண்டாமோ? ஒலிம்பிக்குக்கோ போறியள்?”

என்னிடம் மட்டும் உண்மையைச் சொல்வார். “தம்பி, ஒரு கிழமை முழுக்க வட்டத்துக்கு வெளியிலை போச்செண்டா நானே டிப்போவிலை போய்ச் சொல்லிப்போடுவன். பின்னாலை பஸ் நிறையச் சனம் இருக்குது. விளையாடேலாது.”

கொஞ்ச நாள் நன்றாகத்தான் போனது. பிறகு வட்டம் வளரத் தொடங்கியது. முதலில் பிஸ்கட் அளவு, பிறகு சோசர் அளவு, கடைசியில் சாப்பாட்டுத் தட்டளவு.

“வட்டம் பெருத்துப் போச்சே அண்ணை?”

“கண்ணுக்குச் சுகமாயிருக்கு தம்பி, அதுதான்.”

திரைச்சீலையை இழுத்துவிட மறந்த ஒரு பின்னேரம், எதிர்வீட்டில் யாரோ குழலைக் கண்டு பொலிசுக்குப் போன் அடித்துவிட்டார்கள். நான் படியிறங்கி வரும்போது வாசல் நிறையப் பொலிஸ். அவர்கள் கையில் இருந்தவை நிஜத் துவக்குகள். கையைக் காட்டு என்று மட்டும்தான் சொன்னார்கள். அண்ணை போட்டிருந்த சேட்டை நெஞ்சுவரை தூக்கி வெறும் வயிற்றைக் காட்டினார், மெல்லச் சுற்றி முதுகையும் காட்டினார், பிறகு முழங்காலில் இருந்து இரண்டு கைகளையும் உயர்த்தினார். ஊரில் சோதனைச் சாவடிகளில் பழகிய உடம்பு. இத்தனை வருடம் லண்டனில் பஸ் ஓட்டியும் அது மறக்கவில்லை.

அக்கா அவர்களின் சப்பாத்துகளையே பார்த்துக்கொண்டு நின்றார். சாமியறைப் பக்கம் மிதித்துவிடுவார்களோ என்ற பயம்.

நீல ரைபிளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து லேசரைக் கண்டதும் பொலிஸ் இளகியது. பயப்பட வேண்டாம், கை எப்படி நடுங்குகிறது பாருங்கள் என்றாள் ஒரு பொலிஸ்காரி. இது பயமில்லை, எனக்கு நடுக்க வியாதி என்று அண்ணை ஆங்கிலத்தில் சொன்னார். அந்த அளவு ஆங்கிலம் அக்காவுக்கு விளங்கும்.

ரைபிளைத் திருப்பித் தந்துவிட்டுப் பொலிஸ் போன பிறகும் அண்ணையின் கைகள் மேலேயே நின்றன. அக்கா பக்கத்தில் குந்தி, ஒவ்வொன்றாகப் பிடித்து இறக்கினார்.

“அவை போயிட்டினம். இறக்குங்கோ. எனக்கெண்டாலும் சொல்லியிருக்கலாமெல்லோ?”

மறுநாள் அண்ணை தட்டளவு வட்டத்தைக் கிழித்துவிட்டுப் பழையபடி பிஸ்கட் அளவில் ஒன்றை ஒட்டினார். அந்தக் கிழமை முழுக்க ஒன்றுகூட உள்ளே விழவில்லை. சவரம் செய்து, சீருடை போட்டு, டிப்போவுக்குப் போய்த் தானே சொல்லிவிட்டு வந்தார்.

இப்போது வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்கு நான்தான் காரில் கூட்டிப் போகிறேன். சிவப்பு விளக்குக்கு இன்னும் எவ்வளவோ தூரம் இருக்கும்போதே, பக்கத்து சீட்டில் அண்ணையின் வலது கால் வெறுந்தரையை அழுத்தும். முதலில் எனக்கு எரிச்சல் வந்தது. இப்போது அந்தக் கால் அசைந்ததுமே நானும் பிரேக்கை மிதித்துவிடுகிறேன். பின்னால் வருகிறவர்கள் ஹோர்ன் அடிக்கிறார்கள். அடிக்கட்டும், அண்ணை நிறுத்துகிற இடத்திலேயே கார் நிற்கட்டும்.